நக்லி ஆஸ்பத்திரிக்குச் சொல்லித் தராத பதில்

எங்கள் ஆபீஸ் ஷாஜி நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னான். நான் எழுதுகிறவன் இல்லை. வாசிக்கிறவன். பதினைந்து வருடம் அந்த ஆபீசில் என் வேலை அதுதான். மற்றவர்கள் எழுதியதைச் சத்தமாக வாசிப்பது.

போன மாதம் ஓய்வு பெற்றேன். இப்போது அங்கே புரோகிராமைச் சோதிக்கும் டெஸ்டையெல்லாம் மெஷினே எழுதுகிறது. புதிதாக வந்த பிள்ளைகள் ஷாஜியைக் கேட்டிருக்கிறார்கள். டெஸ்டில் வார்த்தைகள் ஏன் இந்த வரிசையில் இருக்கின்றன, ஏன் ஹிந்தியில் இருக்கின்றன, எல்லா டெஸ்டிலும் முதல் வரி ஏன் ஒரே மாதிரி இருக்கிறது என்று. அவனுக்கே தெரியும். இருந்தாலும் அது சேட்டன் சொல்ல வேண்டியது என்று என்னைக் காட்டிவிட்டான். சொல்கிறேன்.

எனக்குப் படிப்பு எட்டாவது வரை. அப்பா சிலோன் தோட்டத்திலிருந்து வந்து நிக்கோபார் பக்கம் கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டினார். எனக்கு அப்போது ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் வாசிக்கச் சொன்னால் திக்குவேன். வாத்தியார் உட்காரச் சொல்லிவிடுவார். உட்கார்ந்து உட்கார்ந்து எட்டாவது முடிந்தது. போர்ட் பிளேருக்கு வந்து, கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியில் கயிறு பிடித்தேன். அப்புறம் கப்பல் டிக்கெட் கவுண்டரில் தினக்கூலி மஸ்தூர். டிக்கெட் கட்டு தூக்கி வைக்கப் போனவன், ஆள் வராத ஒரு நாள் ஜன்னலில் உட்கார்ந்தேன். பிறகு யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. இருபது வருடம் போனது. அதில் பாதி தெற்கே இன்னொரு தீவில், ஹட்பே ஜெட்டியில், சேவுகன் என்கிற ராமநாதபுரத்துக்காரனோடு.

ஹட்பே கவுண்டரில் ஒரு வழக்கம் இருந்தது. போர்ட் பிளேர் போகும் கப்பலில் நாலு சீட் நோயாளிகளுக்கு. அங்கே இருப்பது சின்ன ஆஸ்பத்திரி. பெரிய வைத்தியத்துக்குக் கப்பல் ஏற வேண்டும். எத்தனை பேர் போகிறார்கள் என்று ஆஸ்பத்திரி முதல் நாள் சாயங்காலம் சொல்லும். ஒருவரும் இல்லை என்று சொன்னால் அந்த நாலையும் மற்றவர்களுக்கு விற்கலாம். சொல்லாவிட்டால்? நாலு டிக்கெட்டையும் ஸ்டேப்ளருக்கு அடியில் வைத்துவிடுவோம். காலையில் ஆஸ்பத்திரி ஆள் சைக்கிளில் தாள் கொண்டு வருவார். சில நாள் நோயாளியே தாளோடு வருவார். கப்பல் கயிறு அவிழ்க்கிற வரைக்கும் ஸ்டேப்ளரை நகர்த்த மாட்டோம். எவ்வளவு கெஞ்சினாலும் சேவுகன் டிக்கெட் தரமாட்டான். "ஸ்டேப்ளரைக் கேளு" என்பான். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. எழுதி ஒட்டியதும் இல்லை.

இதை நான் பின்னால் ஒரு இடத்தில் சொல்லாமல் விட்டேன். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

போர்ட் பிளேர் கவுண்டருக்கு நான் திரும்பி வந்தபின் ஒரு அம்மா மூன்று நாள் தொடர்ந்து வரிசையில் வந்து நின்றார். ஜன்னல் வரைக்கும் வருவார். டிக்கெட் வாங்க மாட்டார். நான் என்ன செய்கிறேன் என்று பார்ப்பார். ஒதுங்கிப் போய் மறுபடியும் கடைசியில் நிற்பார். மூன்றாவது நாள் குனிந்து, "வேலைக்கு வர்றீங்களா அண்ணா" என்று கேட்டார். அவர்தான் ஷிப்ரா மேடம். தீவுகளுக்கு நடுவே ஓடும் கப்பலுக்கு டிக்கெட் புரோகிராம் செய்ய ஒரு சின்ன கம்பெனி வேலை எடுத்திருந்தது. மேடம் அதற்குத் தலைமை. கவுண்டர் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்.

சேவுகனுக்குப் போன் செய்து சொன்னேன். "கம்ப்யூட்டர் கம்பெனிக்கு எட்டாங்கிளாஸா? போ சிலோனு, ஃபேன் தொடைக்கக் கூப்பிட்டிருப்பாங்க" என்றான். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனாலும் போனேன்.

ஆபீஸ் லம்பா லைன் என்கிற பகுதியில் ஒரு மாடியில். கீழே டயர் கடை. ஏர்போர்ட் பக்கம் என்பதால் ப்ளேன் இறங்கும்போது யார் பேசுவதும் கேட்காது. பேச்சை நிறுத்துவோம். சத்தம் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம்.

மேடம் டிக்லிபூர் பெங்காலிக் குடும்பம். என்னைவிடப் பத்து வயது சின்னவர். சென்னையில் படித்தவர். தமிழை ஹாஸ்டலில் மரியாதையோடு கற்றுக்கொண்டதால் எல்லாவற்றுக்கும் மரியாதை கொடுப்பார். டயர் கடை நாய் மாடி ஏறி வந்தால், "அண்ணா, நாய் வந்திருக்காங்க" என்பார். நான் ஒரு நாளும் திருத்தவில்லை. நாயும் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் வேலையை வெளியில் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டிக்கெட் புரோகிராம் தனியாக ஒன்றும் செய்வதில்லை. கப்பலிடம் சீட் கேட்கும். பேங்கிடம் பணம் வந்ததா என்று கேட்கும். ஆஸ்பத்திரியிடம் நாளைக்கு எத்தனை நோயாளி என்று கேட்கும். புரோகிராம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பதுதான் டெஸ்ட். அதற்கு ஒவ்வொரு தடவையும் நிஜ ஆஸ்பத்திரியைத் தொந்தரவு செய்ய முடியாது. அப்போது கடலுக்கடியில் கேபிள் வரவில்லை. எல்லாம் சேட்டிலைட் வழி. ஹட்பேக்கு ஒரு கேள்வி போய்ப் பதில் வருவதற்குள் டீ ஆறிவிடும். அதனால் கம்ப்யூட்டருக்குள்ளேயே பொய்யாக ஒரு ஆஸ்பத்திரி செய்து வைப்பார்கள். இதைக் கேட்டால் இதைச் சொல் என்று அதற்கு முன்கூட்டியே பாடம் சொல்லி வைப்பார்கள். மெயின்லேண்டில் இதை மாக் என்கிறார்கள். நாங்கள் நக்லி என்போம், ஹிந்தியில் போலி. நக்லி கப்பல், நக்லி பேங்க், நக்லி ஆஸ்பத்திரி.

டெஸ்டை எழுதுவது ஷாஜி. மலையாளி, அப்போது கல்லூரி முடித்த புதிது. கை வேகம். எழுதியது கவுண்டர் நடைமுறைப்படி சரிதானா என்று சொல்ல வேண்டியது நான். அதற்கு நான் அதைப் படிக்க வேண்டும். எனக்கு அது புரியவில்லை. ஒரு வாரம் புரிந்த மாதிரி தலையாட்டினேன். எட்டாவதில் கற்றது அது ஒன்றுதான்.

மேடம் கண்டுபிடித்துவிட்டார். மறுநாள் மூன்று மணிக்கு டெஸ்டைத் தாளில் அச்செடுத்து என் கையில் கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொன்னார். வாத்தியார் ஞாபகம் வந்தது. ஷாஜி வேறு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இங்கிலீஷ் எழுத்து, புள்ளி, வளைவு, மேலே கோடு கீழே கோடு. நான் திக்கினேன். மேடம் கையில் இருந்த பென்சிலால் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தார். மேலே வாசிங்க என்றார். திக்கினேன். புள்ளி. ஒரு பக்கம் முடிக்க அரைமணி நேரம் ஆனது. தாள் அம்மை போட்ட மாதிரி இருந்தது.

நான் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ சொன்னேன். மேடம் தாளை ஷாஜியிடம் கொடுத்தார். "அண்ணா திக்கின இடம் எல்லாம் நம்ம எழுத்துல தப்பு. நாளைக்கு மாத்திட்டு வாங்க" என்றார்.

இந்த வயதில் நின்று யோசித்தால், எனக்கு அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. வீட்டில் சொன்னபோது என் மனைவி சோற்றைப் போட்டபடியே, "பள்ளிக்கூடத்துல இந்த மேடம் இருந்திருக்கலாம்" என்றாள்.

அதிலிருந்து தினமும் மூன்று மணிக்கு வாசிப்பு. மேடம் திரையில் படிக்க விடமாட்டார். தாளில்தான். நடுவில் விளக்கம் கேட்கமாட்டார். ஷாஜி விளக்க வாயைத் திறந்தால் பென்சிலைத் தூக்குவார். அவன் மூடிக்கொள்வான். விளக்கினால்தான் புரியும் என்றால் அது சரியாக எழுதப்படவில்லை என்பது அவர் கணக்கு. முதல் மூன்று மாதம் இதே வேலை. மூன்று விஷயம் மட்டும் சொல்கிறேன்.

ஒன்று. ஆரம்பத்தில் ஒரு டெஸ்ட் இப்படி இருந்தது. நக்லி கப்பல் செய். கப்பலே, பன்னிரண்டாம் சீட்டை ரத்து செய். அதற்குச் சரி என்று பதில். இனி ஆரம்பம். கப்பலே, பன்னிரண்டாம் சீட்டை ரத்து செய். நான் வாசித்துவிட்டு, ஒரே சீட்டை ஏன் இரண்டு தடவை ரத்து செய்கிறோம் என்று கேட்டேன். ஷாஜி சிரித்தான். முதலில் வருவது நக்லிக்குப் பாடம், இரண்டாவது வருவதுதான் வேலை என்றான். எப்படித் தெரியும் என்றேன். 'இனி ஆரம்பம்' என்ற வரிக்கு மேலே இருந்தால் பாடம், கீழே இருந்தால் வேலை என்றான்.

"அந்த ஒரு வரி விட்டுப்போச்சுன்னா?" என்றேன்.

ஷாஜி சிரிப்பை நிறுத்தினான். மேடம் ஒரு பெரிய புள்ளி வைத்தார். அன்றிலிருந்து பாடம் சொல்லும் வரிக்கு ஒரு உருவம், வேலை வரிக்கு ஒரு உருவம், சரிபார்க்கும் வரிக்கு ஒரு உருவம். தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும்.

இரண்டு. ஷாஜி பாட வரியில் பதிலை முதலில் எழுதுவான். 'இரண்டு என்று சொல், எப்போது என்றால் நோயாளி எத்தனை என்று கேட்கும்போது.' அந்த இடத்தில் தினமும் திக்கினேன். ஜன்னலில் யாரும் கேள்விக்கு முன்னால் பதில் சொல்வதில்லை. யாரிடம், என்ன கேட்டால், என்ன சொல்லும். இந்த வரிசையில்தான் எனக்கு வரும். மெஷின் அந்த வரிசையை ஏற்றுக்கொள்ளவில்லை. ஷாஜி மூன்று நாள் மல்லுக்கட்டினான். என் ஒரு திக்கலுக்காக ஒரு இன்ஜினியர் மூன்று நாள் உட்கார்ந்தான். கடைசியில் ஏற்றுக்கொண்டது. 'ஆஸ்பத்திரியிடம், நாளைக்கு எத்தனை கேட்டால், இரண்டு.' அவ்வளவுதான் வரி.

மூன்று. வார்த்தைகள். இங்கிலீஷ் எழுத்திலேயே ஹிந்தி வார்த்தை போட்டுவிடலாம் என்றார் மேடம். இந்தத் தீவில் தமிழன், தெலுங்கன், பெங்காலி எல்லோருக்கும் பொதுவாய்த் தெரிந்தது அதுதான். மெயின்லேண்டில் பார்த்தால் சிரிப்பார்கள் என்றான் ஷாஜி. படிக்கப் போவது யார் என்று மேடம் கேட்டார். அத்தோடு முடிந்தது.

புள்ளிகள் குறைந்தன. ஒரு நாள் ஒரு பக்கத்தை ஒரு புள்ளி இல்லாமல் வாசித்தேன். மேடம் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு டீ சொன்னார். அதுதான் அவர் பாராட்டு.

இனி அந்த நாள்.

ஆஸ்பத்திரிப் பகுதியை எழுதும்போது மேடம் என்னிடம் கேட்டார். நாளைக்கு எத்தனை என்று கேட்டால் ஆஸ்பத்திரி என்னவெல்லாம் பதில் சொல்லும்? இல்லை என்று சொல்லும், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, சில நாள் நாலுக்கு மேலேயும் சொல்லும் என்றேன். எழுதிக்கொண்டார்.

"வேற?"

"வேற இல்லை."

நான்தான் சொன்னேன். நன்றாக யோசித்துத்தான் சொன்னேன். பதில் வராத நாட்கள் மழைக்காலத்தில் ஹட்பேயில் வாரத்துக்கு இரண்டு. ஆனால் அதை ஒரு பதிலாக நாங்கள் நினைத்ததே இல்லை. அது மழை மாதிரி. மழையைப் பற்றி யாராவது கேட்டால்தான் சொல்வோம்.

நக்லி ஆஸ்பத்திரிக்கு நான் சொன்ன பதில்களையெல்லாம் பாடம் சொன்னார்கள். எல்லா டெஸ்டும் பச்சை, அதாவது பாஸ். ஹட்பே கப்பலில் மட்டும் சோதனையாகப் புரோகிராமை விட்டார்கள். மூன்று வாரம் வானம் தெளிவாக இருந்தது, நன்றாகப் போனது.

நாலாவது வாரம் நல்ல மழை. ஒரு நாள் காலை ஏழு மணிக்கு வீட்டில் இருந்தேன். சேவுகன் போன் செய்தான். ஹட்பே ஜெட்டியில் பழைய ரேடியோ வழிப் போன் ஒன்று உண்டு. எந்த மழையிலும் அது மட்டும் சாகாது.

"சிலோனு, உன் மெஷின் நாலு சீட்டையும் வித்துருச்சு. இங்க ஒரு பொண்ணு தாளோட நிக்குது."

அந்தப் பெண் பேர் மாலதி. நிறைமாதம். குழந்தை வயிற்றில் குறுக்கே கிடக்கிறது என்று டாக்டர் எழுதியிருந்தார். அறுவை வேண்டும், இன்றைக்குள் போர்ட் பிளேர் போயாக வேண்டும். மழையில் ஹெலிகாப்டர் வராது. அடுத்த கப்பல் இரண்டு நாள் கழித்து. இந்தக் கப்பல் எட்டு மணிக்கு. பட்டியலில் பேர் இல்லாத ஒருவரையும் கேப்டன் ஏற்றமாட்டார். சேவுகன் இதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னான். கிண்டலாகப் பேசத் தொடங்கியவன் கடைசியில் சாதாரணமாகப் பேசினான். அவன் அப்படிப் பேசினால் விஷயம் பெரிது.

ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிடச் சொல்லிவிட்டு மேடத்துக்குச் சொன்னேன். நான் நடந்து போவதற்குள் மேடம் ஸ்கூட்டரில் நனைந்துகொண்டு வந்துவிட்டார். கம்ப்யூட்டரைத் திறந்தார். முதல் நாள் நாலு மணிக்குப் புரோகிராம் ஆஸ்பத்திரியைக் கேட்டிருக்கிறது. லைன் இல்லை. பதில் வரவில்லை. மூன்று தடவை கேட்டுவிட்டு நிறுத்தியிருக்கிறது. நோயாளி எண்ணிக்கை எழுத வேண்டிய இடத்தில் ஒன்றும் எழுதப்படவில்லை. எழுதப்படாத இடத்தில் மெஷின் பூஜ்யம் வைத்திருக்கும். பூஜ்யம் என்றால் ஒருவரும் இல்லை. சீட்டுகளைத் திறந்துவிட்டது. போர்ட் பிளேர் கவுண்டரில் யாரோ சொந்தக்காரர்களுக்காக வாங்கிவிட்டார்கள்.

எனக்கு உடனே புரிந்தது. ஸ்டேப்ளர் கண்ணில் நின்றது.

போன் வந்தது. லைன் காலையில் திரும்பிவிட்டது, பட்டியலை இங்கிருந்து திறந்து பேரை மாற்றலாம் என்றார் மேடம். ஆனால் யார் பேரை எடுப்பது? காசு கொடுத்து வாங்கியவரை இங்கே உட்கார்ந்துகொண்டு நாம் இறக்க முடியாது. அவர்களாக இறங்க வேண்டும். அதுவும் இரண்டு பேர். மாலதியைத் தனியாக அனுப்ப முடியாது, புருஷனும் போக வேண்டும். சேவுகனிடம் சொன்னேன். கேட்டுப் பார்க்கிறேன் என்று போனை மேஜையில் வைத்துவிட்டுப் போனான்.

மணி ஏழு நாற்பது.

போனில் மழைச் சத்தம் மட்டும். தகரத்தில் விழுகிற மழை. அந்தக் கவுண்டர் கூரை எனக்குத் தெரியும். ஒரு குழந்தை அழுதது. யாரோ ஹிந்தியில் சத்தம் போட்டார்கள். என்ன என்று கேட்கவில்லை. பிறகு அதுவும் இல்லை. ஐந்து நிமிடம் ஆனது. கப்பல் முதல் ஹாரன் அடித்தது. போன் வழியாகக் கேட்டது. சேவுகன் வரவில்லை. அவன் வராதது முடியவில்லை என்று அர்த்தமா, பேசிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தமா? தெரியாது. என் கை வலித்தது. லைன் போயிருக்கும், வைத்துவிட்டு மறுபடி கூப்பிடுவோமா என்று கேட்டேன்.

"வைக்காதீங்க அண்ணா" என்றார் மேடம். அவர் விரல்கள் கீபோர்டு மேலேயே இருந்தன.

இரண்டாவது ஹாரன். அப்புறம் யாரோ ஓடி வருகிற சத்தம்.

"எழுதிக்கோ" என்றான் சேவுகன். மூச்சு வாங்கியது. இறங்குகிறவர் இரண்டு பேர் பேரைச் சொன்னான். ஏறுகிறவர் இரண்டு பேர் பேரைச் சொன்னான். நான் ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகச் சொன்னேன். மேடம் அடித்தார். ஒரு இடத்திலும் நான் திக்கவில்லை. அங்கே பட்டியல் அச்சாகும் சத்தம் கேட்டது. சேவுகன் போனை வைக்கக்கூட இல்லை, தாளை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். மூன்றாவது ஹாரன் அடித்து, சத்தம் தேய்ந்து போனபின் வந்தான்.

"ஏறிட்டாங்க."

பிறகு விவரம் சொன்னான். முதலில் கேட்ட ஆள் முடியாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். மற்ற மூன்று சீட்டும் போர்ட் பிளேர் பக்கம் பெரார்கஞ்சில் ஒரு கல்யாணத்துக்குப் போகிற ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்துப் பெரியவர் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். மாலதியைப் பார்த்தாராம், பெண்டாட்டியைப் பார்த்தாராம். "தாலி கட்டப் போறது நான் இல்லையே" என்று சொல்லிப் பெட்டியை இறக்கினாராம். மகளை மட்டும் கல்யாணத்துக்கு அனுப்பிவிட்டு இரண்டு பேரும் மழையில் வீட்டுக்கு நடந்தார்களாம். அவர் பேர் என் நோட்டில் இருக்கிறது. பார்த்ததில்லை.

அன்று பகல் முழுக்க மேடம் பழைய டெஸ்ட் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஷாஜி வந்தான், விஷயம் கேட்டான், அவனும் ஒரு கட்டைப் பிரித்து உட்கார்ந்தான். நான் வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். கவுண்டரில் என் இடத்தில் வேறு ஆள் வந்தாகிவிட்டது. கயிறு பிடிக்கத் தோளில் பலம் இல்லை. ஆனாலும் நானே சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

மூன்று மணிக்கு மேடம் ஆஸ்பத்திரி டெஸ்டை அச்செடுத்துக் கொடுத்தார். வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். ஆஸ்பத்திரியிடம், நாளைக்கு எத்தனை கேட்டால், இல்லை. ஆஸ்பத்திரியிடம், நாளைக்கு எத்தனை கேட்டால், ஒன்று. கடைசி வரி வரைக்கும் போனேன். பென்சில் அசையவில்லை.

"திக்கவே இல்லை" என்றார் மேடம். "அதான் பயமா இருக்கு."

நான் சொன்னேன். வேறு இல்லை என்று சொன்னது நான்தான், பதில் வராத நாள் எனக்குத் தெரியும், சொல்லவில்லை என்று. ஸ்டேப்ளரைப் பற்றிச் சொன்னேன். கயிறு அவிழ்க்கிற வரைக்கும் தொடமாட்டோம் என்று சொன்னேன்.

"யார் சொல்லி அப்படி வச்சீங்க?"

"யாரும் சொல்லலை மேடம். அப்படித்தான்."

மேடம் தாளை மேஜையில் வைத்தார். நல்ல எழுத்து, தப்பில்லாமல் வாசிக்க வருகிறது, அதனால் எல்லாம் இருக்கிறது என்று நாம் மூன்று பேரும் நம்பிவிட்டோம் என்றார். உங்கள் ஜன்னல் வரிசையில் மூன்று நாள் நின்றேன், ஹட்பேயில் ஒரு நாள் நிற்கவில்லை, அது என் தப்பு என்றார். ப்ளேன் வந்தது. எல்லோரும் நிறுத்தினோம். சத்தம் போனதும் ஷாஜியிடம் திரும்பி, நக்லிக்கு இன்னொரு பதில் வேண்டும் என்றார். அதற்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள் அண்ணா என்று என்னைப் பார்த்தார்.

என் வேலை போகவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"சுப்" என்றேன். ஹிந்தியில் பேசாமல் இருப்பது.

ஆஸ்பத்திரியிடம், நாளைக்கு எத்தனை கேட்டால், சுப்.

அந்த ஒரு வார்த்தைக்காக ஷாஜி ஒரு வாரம் வேலை செய்தான். இன்னொன்றும் செய்தான். பாடம் சொல்லாத கேள்வியை யாராவது கேட்டால் நக்லி முன்பு பூஜ்யம் சொல்லிச் சமாளிக்கும். இனி அப்படிச் சொல்லக்கூடாது. டெஸ்டை நிறுத்தி, இது எனக்குச் சொல்லித் தரவில்லை என்று சொல்ல வேண்டும். அதைப் போட்ட அன்று பச்சையாக இருந்த டெஸ்டில் பாதி சிவப்பானது. எல்லாம் யாரோ பதில் சொல்லாததை நாங்கள் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்ட இடம். ஒவ்வொன்றாகத் திருத்தினோம். எல்லா நக்லிக்கும் முதல் வரி சுப் என்று மேடம் விதி வைத்தார். சுப் என்றால் நிஜத்தில் அந்த இடத்தில் ஆட்கள் என்ன செய்கிறார்களோ, அதைப் புரோகிராம் செய்ய வேண்டும். ஆஸ்பத்திரி என்றால் சீட்டைத் தொடக்கூடாது. டெஸ்டில் முதல் வரி ஏன் ஒரே மாதிரி என்று கேட்ட பிள்ளைகளுக்கு இதுதான் பதில்.

மாலதி வந்த கப்பலைப் பார்க்க அந்த மழை நாள் சாயங்காலமே ஜெட்டிக்குப் போயிருந்தேன். ஸ்ட்ரெச்சரில் இறக்கினார்கள். புருஷன் குடை பிடித்துக்கொண்டு கூடவே ஓடினான். ஆம்புலன்ஸ் கதவு மூடுகிற வரைக்கும் நின்றேன். அவர்களுக்கு என்னைத் தெரியாது. மறுநாள் காலையில் பெண் குழந்தை. இரண்டு வாரம் கழித்து அவர்கள் ஹட்பே திரும்பி இறங்கினதும் சேவுகன் போன் செய்தான். "ரெண்டு பேரு போய் மூணு பேரா இறங்குறாங்க மாப்ளே. உன் பட்டியல்ல கணக்கு இடிக்குது" என்றான். அந்த ஒரு கணக்குதான் இடித்து நான் சந்தோஷப்பட்டது.

மேடம் ஆறு வருடம் முன்னால் மெயின்லேண்டுக்குப் போனார். போகும்போது பென்சிலை ஷாஜியிடம் கொடுத்தார். எனக்கு ஒரு ஸ்டேப்ளர் வாங்கிக் கொடுத்தார். வீட்டில் இருக்கிறது. ஓய்வு பெற்ற அன்று போனில் கூப்பிட்டார். நாய் எப்படி இருக்காங்க என்று கேட்டார். அந்த நாய் செத்துவிட்டது, அதன் குட்டி இருக்கிறது என்றேன்.

என் கடைசி நாள் மூன்று மணிக்கு ஷாஜி ஒரு தாளைக் கொடுத்தான். வண்டூர் கரையிலிருந்து போகும் படகுகளுக்கு டிக்கெட் புரோகிராம் வரப்போகிறது. அதற்கு மெஷின் எழுதிய டெஸ்ட். ஷாஜி இப்போது தலைமை. தலையில் நரை. கையில் பென்சில். வாசித்தேன். முதல் வரி: துறைமுகத்திடம், படகு போகலாமா கேட்டால், சுப். அடுத்த வரி: படகு நின்றிருக்க வேண்டும்.

நீ சொல்லிக் கொடுத்தாயா என்று கேட்டேன். இல்லை சேட்டா, நம் பழைய ஃபைல்களைப் பார்த்து அதுவே எழுதிக்கொண்டது என்றான். பக்கம் முழுக்க வாசித்து முடித்தேன். ஒரு புள்ளி இல்லை. நல்ல எழுத்து. மாலதியின் மகள் இப்போது ஹட்பேயில் எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கிறாள். அவளைப் பற்றி அந்த மெஷினுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

ஷாஜி பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"வேற ஏதாவது உண்டா சேட்டா?"

வேறு இல்லை என்று வாயில் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"எனக்கு வண்டூர் தெரியாதுப்பா" என்றேன். "அங்க போய் மூணு நாள் சும்மா நின்னு பாரு."

வருகிற திங்கட்கிழமை போகிறான். நானும் கூடப் போகிறேன்.